என் காலும் பாப்பாயியின் உத்தரவும்

என் இடது காலின் கதையை இதுவரை நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். சந்தைக்குப் போனால் சொல்வேன். கல்யாண வீட்டில் சொல்வேன். முன்பின் தெரியாத ஒருவர் வழியில் வெற்றிலை கேட்டு நின்றாலும், வேட்டியை முழங்கால்வரை தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் வெற்றிலையைக் கொடுப்பேன். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை. ஆனால் எல்லோருக்கும் சொன்னது பாதிக் கதைதான். மீதிப் பாதி என் பெண்டாட்டி பாப்பாயியைப் பற்றியது. அதைச் சொல்ல வாய் வராமல் பதினான்கு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

என் பெயர் வெள்ளையன். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் பத்தொன்பது வீடுள்ள சிற்றூர் எங்களுடையது. இளவட்டமாக இருந்தபோது பேளுக்குறிச்சியில் ஒரு மிளகு மண்டியில் ஐந்து வருஷம் மூட்டை தூக்கினேன். மண்டிக்காரர் நல்ல மனசுக்காரர். மத்தியானத்தில் வேலை ஓய்ந்த நேரத்தில் மணலில் எழுத்துப் பழக்கினார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. இல்லாவிட்டால் இதையும் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

எனக்கு வந்தது நரம்புச் சிலந்தி. மலையில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது அது இருக்கும். கோடையில் சுனை வற்றி அடியில் கலங்கிக் கிடக்கும் தண்ணீரைக் குடிக்கிறோம் அல்லவா, அதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறதாம். அது வயிற்றுக்குள் போய், ஒரு வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து, நூல் மாதிரி நீண்டு, கணுக்காலுக்குப் பக்கத்தில் கொப்புளமாக வெளியே வருமாம். பிறகு மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் துரை சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எட்டிப் பார்க்கும் நூலை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் இரண்டு விரற்கடைக்குமேல் இழுக்காமல் பதினைந்து இருபது நாள் பொறுத்திருக்க வேண்டும். அறுந்தால் உள்ளே இருக்கிற மிச்சம் அழுகிவிடும்.

எனக்குப் பொறுமை கிடையாது. சாமை விதைக்கிற நேரம். ஊரெல்லாம் காட்டில் இருக்க நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதா என்று ஆறாம் நாள் ஒரு இழுப்பு இழுத்தேன். அறுந்தது. மூன்றாம் நாள் கால் தொடைவரை வீங்கி, தோல் பளபளவென்று கறுத்துவிட்டது. உடம்பு கொதித்தது. என் அண்ணன் சடையனும் இன்னும் மூன்று பேரும் கம்பளியை மூங்கிலில் தூளி கட்டி என்னைத் தூக்கிக்கொண்டு, இரண்டு குன்றுக்கு அப்பால் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பின்னால் பாப்பாயி சோற்றுச் சட்டியோடு நடந்தாள். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். புல் வேய்ந்த நீளமான சாளை, சுண்ணாம்பு அடித்த மண் சுவர், எட்டு மூங்கில் கட்டில். வெளியே பலாமரத்தடியில் புண்ணும் காய்ச்சலுமாக ஜனங்கள் காத்திருப்பார்கள். டாக்டர் வருவதற்கு முன், வேதம் சொல்லும் உபதேசியார் ஒரு பாட்டுப் பாடி ஜெபம் சொல்வார். அதைச் சரியாகக் கேட்டால்தான் மருந்து பலிக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு எண்ணம். கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பவனைப் பக்கத்தில் இருப்பவன் விலாவில் இடிப்பான்.

டாக்டர் துரை நல்ல உயரம். தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். "உமது காலை எனக்குக் காட்டும்" என்பார். எங்கள் பேச்சு காதில் விழுந்து விழுந்து, எதற்கும் ஒரு 'ங்க' சேர்க்க வேண்டும் என்று புரிந்துகொண்டு, "பயப்படாதேயுங்க" என்பார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது விழுந்தபடி நின்றது. நாக்குக்கடியில் கண்ணாடிக் குச்சி வைத்துக் காய்ச்சல் பார்த்தார். விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பித்தளைக் குழாய் வழியாக வெகுநேரம் உற்றுப் பார்த்தார். காலை இரண்டு இடத்தில் கீறிச் சீழை வடித்து, ஊதா நிற மருந்துத் தண்ணீரில் கழுவினார். நாற்றம் தாங்காமல் என் அண்ணனே எழுந்து வெளியே போனான். துரை மூக்கைச் சுளிக்கவில்லை. பாப்பாயி விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் அப்படிக் கழுவியும் வீக்கம் மேலேதான் ஏறியது. நாலாம் நாள் காலையில் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். உள்ளே அழுகிய விஷம் ரத்தத்தில் கலக்கத் தொடங்கிவிட்டது. முழங்காலுக்குமேல் காலை எடுத்தால் உயிர் பிழைக்கும். சேலத்திலிருந்து இன்னொரு டாக்டர் ஆயுதங்களோடு இரண்டு நாளில் வந்துவிடுவார்.

"காலை எடுத்துட்டா நான் எப்படிங்க மலையில இருக்கறது?" என்றேன்.

அவர் மண்டியிட்டு, என் காலின்மேல் கையை வைத்து ஜெபம்பண்ணினார். நானும் துரை கும்பிடுகிற சாமியிடம் மனசுக்குள் கெஞ்சினேன். 'துரை சாமி, காலைக் கொடு. கொடுத்தால் உன் காலடிக்கே வந்துவிடுகிறேன்.' இந்த வார்த்தையை நான் கொடுத்தது சத்தியம். அதே மூச்சில் எங்கள் பெரியசாமிக்கும் ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன் என்பதும் சத்தியம். பயந்தவனுக்கு எந்த வாசலும் வாசல்தான்.

மறுநாள் விடிந்தபோது காய்ச்சல் இல்லை. கட்டை அவிழ்த்தபோது, அறுந்த சிலந்தியின் மிச்சம் முழுதும் புண்ணின் வாயில் சுருண்டு தானாக வெளியே வந்து கிடந்தது. வீக்கம் பாதிக்குமேல் வடிந்திருந்தது. துரை திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். "நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் மருந்து இதைச் செய்யும் என்று நான் சொல்லமாட்டேன்" என்றார். உபதேசியார் "அற்புதம், அற்புதம்" என்று கண்ணைத் துடைத்தார். சேலத்து டாக்டர் ஆயுதப் பெட்டியோடு வந்து, என் காலைப் பார்த்துவிட்டு, கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் ஊருக்குச் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும்.

எனக்கு எதிர்க்கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். புளியஞ்சோலைப் பக்கத்துக்காரி. இருபது வயசுகூட இருக்காது. பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் பிரசவக் காய்ச்சலோடு புருஷன் மேலே தூக்கி வந்திருந்தான். பெற்ற வயிறு ஆறாமல் உள்ளே புண்ணாகி வருகிற காய்ச்சல் அது. என்னைப் பார்த்துக்கொண்ட நேரம்போக பாப்பாயி அவளுக்குத்தான் கஞ்சி ஊட்டினாள், சேலை மாற்றினாள். துரை எனக்கு மண்டியிட்ட மாதிரியே அவளுக்கும் மண்டியிட்டார். எனக்குக் கால்மணி நேரம் என்றால் அவளுக்கு நாள் முழுதும். என் கால் திரும்பிய மூன்றாம் நாள் மத்தியானம் அவள் செத்துப்போனாள்.

துரை சாளையின் நடுவில் நின்று அழுதார். வெள்ளைக்காரர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, எங்கள் ஆட்களைப் போலவே தோள் குலுங்க அழுதார். அவளுடைய புருஷனோடு கூட நின்று குழி தோண்டினார். மறுநாள் காலையில் பலாமரத்தடியில் அதே பாட்டு, அதே ஜெபம். குரல் மட்டும் கட்டியிருந்தது.

அன்றைக்குப் பாப்பாயி எனக்குச் சாமைக்கஞ்சி ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, நாம கேட்டது கெடைக்கலைன்னா சாமியக் கோவிச்சுக்கறோம். போன வருசம் மழ பெய்யலைன்னு நீங்க பெரியசாமி வேலுமேல சாணியக் கரைச்சு ஊத்தப் போனீங்களே. இந்த மனுசன் கோவிச்சுக்கலீங்களே. நேத்துக் கை வுட்டவருகிட்டயே இன்னிக்கும் போயி நிக்கறாரு. அப்படி நிக்கணும்னா அந்தச் சாமி எப்படிப்பட்டதா இருக்கணுமுங்க?"

"எங்காலக் குடுத்துச்சே, அதப் பாரு" என்றேன்.

"காலு கெடக்குதுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரே வாய்பிளக்கப்போகிற அற்புதம் என் உடம்பில் நடந்திருக்க, இவள் செத்தவளைப் பற்றிப் பேசுகிறாளே என்று எரிச்சலாகவும் இருந்தது.

நாற்பது நாள் கழித்து என் சொந்தக் காலால் ஊருக்கு நடந்து வந்தேன். ஆஸ்பத்திரியில் கூலி கேட்கவில்லை. அண்ணன் ஒரு பலாப்பழமும் ஒரு குடுவை தேனும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். ஊரில் பத்தொன்பது வீடும் வாசலுக்கு வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தது. துரை சாமி பொல்லாத சக்தி உள்ள சாமி என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. உடனே எல்லோரும் துரையின் வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஊர்க்கவுண்டர் நாலு பேரைக் கூட்டி யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சக்தியான சாமிய வெறுமனே வுடக்கூடாது. பெரியசாமிக்குப் பக்கத்துல தொரை சாமிக்கும் ஒரு கல்ல நட்டு வெச்சுப்புடலாம். வருசத்துக்கு ஒரு பொங்கல்."

அப்படியே நட்டோம். எனக்கும் அது வசதியாக இருந்தது. கொடுத்த வார்த்தைக்கு ஒரு பொங்கலோடு தீர்வு கிடைத்துவிட்டதே.

பாப்பாயி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கவுண்டர் முன்னால் போய் நின்றாள். "நான் ஞாயித்துக்கெழமையில அங்க போயி உக்காரோணுமுங்க. அந்த வேதத்துல சேரோணும்" என்றாள். எங்கள் ஊர்ப் பெண் யாரும் கவுண்டர் முன்னால் அப்படிப் பேசியதில்லை.

கவுண்டர் கெட்டவரல்ல. ஊர்க் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. ஊரை விட்டு வேறு சாமியிடம் போகிறவர்களுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள். ஆனால் துரை சாமியையும் பகைக்க அவருக்குப் பயம். அதனால் எங்கள் வழக்கப்படி ஒரு வழி சொன்னார். பெரியசாமியிடம் உத்தரவு கேட்போம். அவர் சரி என்றால் பாப்பாயி தாராளமாகப் போகலாம், கட்டுப்பாடு கிடையாது, அவள் பிள்ளைகளை ஒருவரும் ஒதுக்கக்கூடாது.

உத்தரவு கேட்பது இப்படி. மாலை போட்ட கிடாயைச் சாமி முன்னால் நிறுத்திக் கேள்வியைச் சொல்லி, அதன்மேல் மூன்று சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் துலுக்கிவிட்டது என்போம். சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். மூன்று சொம்புக்கும் துலுக்காவிட்டால் சம்மதமில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டியவன் கேட்கிற வீட்டு ஆம்பிளை. அதாவது நான்.

ஆடு மேய்த்து வளர்ந்தவன் எவனுக்கும் தெரியும், காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனால் ஆடு உதறும். உதறல் தலையில்தான் தொடங்கும். காதை அமுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். தெரிந்திருந்தும் அதைச் சாமியின் வாக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம், நானும் நம்பினேன். அதனால்தான் பயந்தேன். ஆடு துலுக்கிவிட்டால்? பாப்பாயி போவாள். பின்னாலேயே நானும் போக வேண்டும். அந்தச் சாமியிடம் காலைத் திரும்ப வாங்கியவன் நான்தானே. கவுண்டர் என்ன சொன்னாலும் நாளைக்கு என் இரண்டு பெண்களையும் யார் எடுப்பார்கள்? பெரியசாமி திருவிழாவில் முதல் பந்தியில் உட்காருகிற நான் எங்கே உட்காருவேன்?

உத்தரவு கேட்கிற அன்று காலையிலேயே தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கிவிட்டேன். முதல் சொம்பை முதுகில் மட்டும் மெல்ல ஊற்றினேன். கிடாய் அசையவில்லை. இரண்டாவது சொம்பும் அப்படியே. மூன்றாவதைக் கழுத்தருகே ஊற்றும்போது கொஞ்சம் காதுப் பக்கம் வழிந்துவிட்டது. கிடாய் தலையைத் தூக்கியது. கழுத்து மயிர் எழுந்ததை நான் பார்த்தேன். மாலையைச் சரிசெய்கிறவன்போல வலது கையால் இரண்டு காதையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். என் உள்ளங்கைக்குள் அந்த உதறல் ஒரு தடவை துடித்து அடங்கியது. இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது.

"உத்தரவு இல்ல கண்ணு" என்றார் கவுண்டர் பாப்பாயியைப் பார்த்து. அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. ஊரில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை. உத்தரவு கிடைத்திருந்தால் அவர்கள் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அங்கே ஏமாற்றியவன் நான் ஒருவன்தான்.

பாப்பாயி விழுந்து கும்பிட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள். உலை வைத்தாள். அதற்குப்பின் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

சில மாதம் கழித்து டாக்டர் துரை காய்ச்சல் மாத்திரை கொடுக்க ஊருக்கு வந்தார். என் காலைத் தடவிப் பார்த்தார். நானே முந்திக்கொண்டு, "வரலாம்னுதானுங்க இருந்தோம். சாமி உத்தரவு தரலீங்க. ஆடு துலுக்கல" என்றேன்.

"ஆட்டினிடத்திலா கேட்டீர்?" என்றார். கேலி இல்லை; நிஜமாகவே கேட்டார். பிறகு அவருடைய சாமிக்கு அடையாளமாக நட்டிருந்த கல்லைச் சடையன் காட்டினான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த வீட்டுக் காய்ச்சலைப் பார்க்கப் போய்விட்டார். நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது அதுதான் கடைசி. இரண்டொரு வருஷத்தில் சீமைக்குப் போனவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிச் சாளையும் விழுந்துவிட்டது. உபதேசியார் மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன ஜெபவீடு வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டை அடிப்பார். காற்று வாக்கில் அந்தச் சத்தம் எங்கள் ஊருக்குக் கேட்கும். பாப்பாயி உலக்கையை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு குத்துவாள். வீட்டில் எந்தச் சாமிக்கும் அவள் எதையும் நேர்ந்துகொள்வதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் எங்கே வந்து நிற்கும் என்று தெரியும்.

பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போனார்கள். உலகத்தில் யுத்தம் வந்தது. இந்த வருஷம் பாப்பாயிக்கு மலைக்காய்ச்சல் கண்டு பதினெட்டு நாள் படுத்துவிட்டாள். மாத்திரை கிடைக்காத காலம். உபதேசியார் எங்கோ நாலு மாத்திரை தேடிப் பிடித்துக்கொண்டு தடியூன்றி வந்தார். கொடுத்துவிட்டு, "ஒரு ஜெபம் பண்ணட்டுமா அம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றாள் பாப்பாயி. "அவரு என்னைய வேண்டாம்னு சொன்னவரு."

"யாரம்மா?"

"உங்க சாமிதானுங்க. அன்னிக்கி ஊரு பெரியசாமியக் கேட்டுது. நான் மனசுக்குள்ள அவரத்தானுங்க கேட்டேன். 'நான் உனக்கு வேணும்னா ஆட்டத் துலுக்க வையி'ன்னு. துலுக்கல. இவருக்குக் காலக் குடுத்தாரு. என்னைய மட்டும் வேண்டாம்னுட்டாரு. என்ன குத்தம் பண்ணுனேனோ தெரியலீங்க."

"அவர் அப்படி ஆட்டில் பதில் சொல்லமாட்டார் அம்மா."

"நீங்க சொல்றீங்க ஐயா. நான் கண்ணால பாத்தேனுங்க. மூணு சொம்பு."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் கஞ்சியோடு நின்றிருந்தேன். அவள் ஊர்க் கட்டுப்பாட்டுக்குத்தான் அடங்கி இருக்கிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாமி முகத்துக்கு நேரே தன்னைத் தள்ளிவிட்டதாக நம்பிக்கொண்டு உரலடியில் நின்றிருக்கிறாள். தள்ளியது என் கை.

அவள் எழுந்து நடமாடும்வரை பொறுத்தேன். நாலாம் நாள் காலையில் வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து சொன்னேன். வெயிலில் வைத்த தண்ணீர், மூன்றாவது சொம்பு, எழுந்த மயிர், எல்லாம். நடுவில் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மிளகைத் தள்ளி வைத்துவிட்டு, "எந்தக் கையிங்க?" என்று கேட்டாள்.

வலது கையை நீட்டினேன். அதை வாங்கி, முள் தைத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"அப்ப அவரு ஒண்ணும் சொல்லலீங்க."

"சொல்லல. வேண்டாம்னு சொல்லல."

"பதினாலு வருசமுங்க" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. திட்டவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு போட்டாள், என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். காய்ச்சலில் கால் இன்னும் நடுங்கியது. மூலையில் இருந்த என் கைத்தடியை எடுத்துக்கொண்டாள். கவுண்டர் வீட்டு வாசலில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு குன்று ஏறி இறங்க வேண்டும், கீழே விழுந்தால் தூக்கவும் ஆளில்லை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"பாப்பாயி, நானும் வரட்டுமா?"

நின்றாள். திரும்பி என் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆட்டக் கேட்டுட்டீங்களா?" என்றாள்.

பதிலுக்கு நிற்காமல் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனாள்.